தபால் அறைக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம்: கதவுகளை எண்ணுவது முதல் ஒத்திகை வரை

பல வருடங்களுக்கு முன் நான் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு கவரைப் பிரித்ததும் மேசை மேல் வெள்ளையாகப் பொடி கொட்டியது. பிரித்தவர் கவரைத் தலைகீழாக உதறிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் விரலில் தொட்டு மோந்தார். இன்னொருவர், தூசி போகட்டும் என்று மின்விசிறியை வேகமாக வைத்தார். பத்து நிமிடத்தில் மற்ற மாடிகளிலிருந்தும் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் அது ஏதோ விளம்பரத்துக்கு அனுப்பிய சலவைத்தூள் சாம்பிள். உள்ளே பொட்டலம் கிழிந்திருந்தது. சிரித்துவிட்டுக் கலைந்தோம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது: அது சலவைத்தூளாக இல்லாமல் இருந்திருந்தால் என்னென்ன செய்யக்கூடாதோ, அதில் ஒன்றைக்கூட நாங்கள் பாக்கி வைக்கவில்லை.

அலுவலகத்துக்குள் ஓர் ஆள் வர வேண்டுமானால் வாசலில் பெயர் எழுத வேண்டும், யாரைப் பார்க்க என்று சொல்ல வேண்டும், அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டிக்கு இது எதுவும் வேண்டாம். கூரியர்காரர் நீட்டும் இடத்தில் யாராவது கையெழுத்துப் போட்டால் போதும், முன்பின் தெரியாத ஒருவர் கட்டிய பொட்டலம் அரை மணி நேரத்தில் மேலதிகாரியின் மேசையில் இருக்கும். அந்த அரை மணி நேரத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி.

எக்ஸ்ரே கருவி வாங்கப் பணம் இல்லையே என்று பலர் இதைத் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்த அலுவலகத்துக்கு வழக்கமாக என்ன வரும் என்று கைபழகிய ஓர் ஊழியர் இருக்கிறார், 'இதை மேலே அனுப்ப மாட்டேன்' என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்கிறது என்றால் திட்டத்தில் முக்கால் பங்கு முடிந்த மாதிரிதான். கருவி அதற்குப் பிறகு.

படி 1: பொறுப்பாளர் ஒருவர், பயப்பட வேண்டியவை எவை

முதலில் ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நிர்வாகம், செக்யூரிட்டி, மனிதவளம் மூன்றும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். பொறுப்பாளர் விடுப்பில் போனால் யார் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்து, உங்களுக்கு யார், என்ன அனுப்பக்கூடும் என்று உட்கார்ந்து யோசியுங்கள். அண்மையில் ஆட்குறைப்பு நடந்ததா? வழக்கு ஏதாவது சூடாக இருக்கிறதா? பொதுவெளியில் திட்டு வாங்கும் தொழிலா? தலைமையில் இருப்பவர் ஊரறிந்த முகமா? அதே கட்டடத்தில் இன்னொரு தளத்தில் சர்ச்சைக்குரிய நிறுவனம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். முகவரி தவறிய பார்சல் உங்கள் கைக்கும் வரும்.

வெடிகுண்டும் நச்சுப்பொடியும் அபூர்வம். அன்றாடம் நடப்பது வேறு: காசோலை காணாமல் போவது, ஒப்பந்த ஆவணம் யார் மேசையிலோ கிடப்பது, மிரட்டல் கடிதம், கவருக்குள் பிளேடு. இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தது யூஎஸ்பி. பரிசுச் சீட்டோடு யூஎஸ்பி குச்சியைத் தபாலில் அனுப்பி, அதைக் கணினியில் செருக வைக்கும் கும்பலைப் பற்றி 2020இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. அதனால் விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: எதிர்பாராமல் தபாலில் வரும் எந்த மின்னணுப் பொருளும் கணினிப் பிரிவைத் தாண்டி யார் கைக்கும் போகாது.

படி 2: கதவுகளை எண்ணுங்கள்

இரண்டு வாரம் வேறு எதையும் மாற்றாமல் வெறுமனே பாருங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை கடிதம், எத்தனை பார்சல், எந்த நேரம், யார் கொண்டுவந்தார்கள், எந்த வாசல் வழியாக, யார் கையெழுத்துப் போட்டார்கள்.

தபால் ஒரே வழியில்தான் வருகிறது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். எண்ணிப் பார்த்தால் நாலைந்து வழி இருக்கும். அஞ்சல்காரர் ரிசப்ஷனில் கொடுப்பார், கூரியர் பின்வாசலில், ஊழியர்கள் சொந்தமாக வாங்கிய பொருட்கள் செக்யூரிட்டி மேசையில். வழக்கமாகப் பொருள் போடும் சப்ளையர் நேராக ஸ்டோருக்கே போய்விடுவார். மதிய உணவு வேளையில் வந்தால் வாசலில் நிற்கும் யாராவது 'நான் கொடுத்துடறேன்' என்று வாங்கிக்கொள்வார்.

இந்த வழிகளையெல்லாம் ஒன்றாக்குவதுதான் இரண்டாம் படி. எதுவாக இருந்தாலும் ஒரே இடத்தில் இறங்க வேண்டும். ஊழியர்களின் சொந்தப் பார்சல்களை அலுவலக முகவரிக்கு வரவழைக்கக் கூடாது என்று சொல்லிவிடுவது நல்லது. முணுமுணுப்பார்கள். ஆனால், தபால் அறைக்காரர் 'இது வழக்கமானதா' என்று யோசிக்க வேண்டிய பெட்டிகளில் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும்.

அந்த இரண்டு வார நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் அலுவலகத்தின் 'வழக்கம்' என்ன என்பதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

படி 3: அறை

தபால் அறை வெளிச்சுவரை ஒட்டி, ஆள் நடமாட்டம் குறைந்த பக்கம், சரக்கு இறங்கும் வாசலுக்கு அருகில் இருக்கட்டும். ரிசப்ஷன் கூடத்துக்குப் பின்னாலோ, ஜெனரேட்டர், மின்பலகை, சர்வர் அறைக்குப் பக்கத்திலோ வேண்டாம். பூட்டக்கூடிய கதவு, உள்ளே வர அனுமதி பெற்றவர்களின் பட்டியல், கதவையும் மேசையையும் பார்க்கும் கேமரா. இவற்றில் புதுமை ஒன்றும் இல்லை.

காற்று விஷயத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். 2001 செப்டம்பர், அக்டோபரில் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் நுண்ணுயிரைப் பொடியாக்கிக் கடிதங்களில் அனுப்பினார்கள். 22 பேருக்குத் தொற்று, 5 பேர் மரணம். இறந்தவர்களில் இருவர் வாஷிங்டனில் பிரென்ட்வுட் தபால் பிரிப்பகத்தில் வேலை பார்த்தவர்கள். அந்தக் கடிதங்களை அங்கே யாரும் பிரிக்கவே இல்லை. அதிவேகப் பிரிப்பு இயந்திரம் கவரை அழுத்தியபோது, காகிதத்தின் நுண்துளை வழியே பொடி வெளியேறிக் காற்றில் கலந்தது. அந்தக் கட்டடம் இரண்டு வருடத்துக்கும் மேல் மூடிக் கிடந்து, 2003 டிசம்பரில்தான் திறந்தது.

ஆகவே தபால் அறையின் ஏசி, கட்டடத்தின் பொதுக் காற்றோட்டத்தோடு சேராமல் தனியாக இருப்பது நல்லது. முடியாவிட்டால், அந்த அறைக்குப் போகும் காற்றை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதாவது அறையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியுமா என்று இன்றே போய்க் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'மெயின்டனன்ஸ்காரருக்குத் தெரியும்' என்றுதான் பதில் வரும், அவர் அன்று வேறு கட்டடத்தில் இருப்பார். மேசை விசிறியை எடுத்துவிடுங்கள். இயந்திரங்களைச் சுத்தம் செய்யக் காற்றழுத்தக் குழாய் வேண்டாம், உலர் துடைப்பமும் வேண்டாம். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்கம் கிளீனர்தான் சரி. கை கழுவும் தொட்டி அறைக்குள்ளேயே, சோப்போடு இருக்கட்டும்.

வசதி உள்ள நிறுவனங்கள் தபாலை வேறு கட்டடத்திலேயே பரிசோதித்துவிட்டுக் கொண்டுவருகின்றன. 2013 ஏப்ரலில் அமெரிக்க அதிபருக்கும் ஒரு செனட்டருக்கும் வந்த ரைசின் நச்சுக் கடிதங்கள், அப்படித் தனியாக இருந்த பரிசோதனை நிலையங்களில்தான் பிடிபட்டன. சிறிய அலுவலகமானால் வாசலை ஒட்டிய, கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறையே போதும்.

படி 4: கைக்கு வந்தது முதல் பிரிப்பது வரை

வாங்குபவர் கூரியர்காரரின் நிறுவனத்தைக் கேட்டு, எண்ணிக்கையைச் சரிபார்த்து, இன்வர்டு பதிவேட்டில் ஏற்றுவார்: நேரம், அனுப்பியவர், யாருக்கு, தொடர் எண், வாங்கியவர் கையொப்பம். இதுவரை எல்லோரும் செய்வதுதான்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது? அனுப்பியவர் முகவரி இல்லை அல்லது அது முத்திரை விழுந்த ஊரோடு பொருந்தவில்லை. தேவைக்கு மேல் தபால்தலை. பெயரில் எழுத்துப்பிழை, பழைய பதவி, பெயரே இல்லாமல் வெறும் பதவி. அளவுக்கு மீறிய செல்லோடேப். ஒரு பக்கம் மட்டும் கனம். எண்ணெய்க் கறை, நிறமாற்றம், விசித்திர வாடை. வெளியே துருத்தும் கம்பி அல்லது அலுமினியத் தாள். 'நேரில் மட்டும் பிரிக்கவும்' என்ற வற்புறுத்தல்.

பட்டியலைச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் வரும். எழுத்துப்பிழைக்கெல்லாம் கட்டடத்தைக் காலி செய்ய முடியாது. பல குறிகள் ஒன்றாகச் சேர்வதைத்தான் கவனிக்க வேண்டும். 2018 அக்டோபரில் அமெரிக்க அரசியல் பிரமுகர்களுக்கும் ஒரு தொலைக்காட்சி அலுவலகத்துக்கும் குழாய் வெடிகுண்டுப் பார்சல்கள் வந்தன. அவற்றின் உறைகளில் பெயர்களில் பிழை, அனுப்பியவர் முகவரியில் மாநிலத்தின் பெயரிலேயே பிழை, ஒவ்வொன்றிலும் ஒட்டிய பல தபால்தலைகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். ஒரே உறையில் மூன்றும் இருந்தால் அற்பம் இல்லை. எதுவும் வெடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை.

முகவரி ஒழுங்காக இருந்தாலும் நம்பிவிட முடியாது. 2001இல் செனட்டர்களுக்குப் போன ஆந்த்ராக்ஸ் கடிதங்களில் அனுப்பியவர் முகவரி ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பு. குழந்தைகள் எழுதிய கடிதம் என்று யாரும் ஆசையாகப் பிரிப்பார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு பள்ளியே கிடையாது. இன்னொரு தந்திரம் 1978இல் நடந்தது. சிகாகோவில் ஒரு பல்கலைக்கழக வாகன நிறுத்துமிடத்தில் கிடந்த பார்சலை, அதில் எழுதியிருந்த 'அனுப்பியவருக்கே' நல்லெண்ணத்தில் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பேராசிரியர் தான் எதையும் அனுப்பவில்லையே என்று சந்தேகப்பட்டு வளாகக் காவலரைக் கூப்பிட்டார். திறந்த காவலருக்குக் கையில் காயம். 1995 வரை நீண்டு, மூவரைப் பலிகொண்ட, 'யுனாபாம்பர்' என்று அழைக்கப்பட்ட ஆளின் குண்டுத் தொடரில் முதல் குண்டு அது. நீங்கள் அனுப்பாத ஒன்று 'திரும்பி' வந்தால், அது திரும்பி வந்ததல்ல, புதிதாக வந்தது.

சந்தேகம் வந்தால் முதல் வேலை தொலைபேசி. யாருக்கு வந்ததோ அவரிடம் மூன்று கேள்வி: இதை எதிர்பார்த்தீர்களா? அனுப்பியவரைத் தெரியுமா? உள்ளே என்ன இருக்கும்? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் பத்தில் ஒன்பது பார்சல்கள் அங்கேயே தெளிந்துவிடும். அனுப்பியவரைக் கூப்பிடுவதானால் உங்கள் பதிவில் இருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள், பார்சல் மேல் எழுதியிருக்கும் எண்ணில் அல்ல.

பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. கவரை மேசையில் படுக்க வைத்து, முகத்திலிருந்து தள்ளி, கவர் பிரிக்கும் கத்தியை ஓரத்தில் ஒரே இழுப்பில் மெதுவாக இழுங்கள். விரலை விட்டுக் கிழிக்காதீர்கள். பிளேடு ஒளித்து வைப்பவர்கள் மூடியின் மடிப்பில் வைப்பதுண்டு. வாயால் ஊதிக் கவரை விரிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதை இன்றோடு விட வேண்டும். உள்ளிருப்பதை உருவி எடுங்கள், கொட்டாதீர்கள். நைட்ரைல் கையுறை போட்டிருந்தாலும் வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். பிரித்த கவரை அன்றே குப்பையில் போடாமல் கொஞ்ச நாள் வைத்திருந்தால், மிரட்டல் கடிதம் என்று பிறகு தெரியவரும்போது உதவும்.

எக்ஸ்ரே கருவி பற்றி: கம்பி, பேட்டரி, உலோகம், கத்தி ஆகியவற்றை நன்றாகக் காட்டும். கவருக்குள் இருக்கும் சிறிதளவு பொடியை அதை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. திரையைப் பார்ப்பவருக்குப் பயிற்சி இல்லையென்றால் அது ஒரு விலையுயர்ந்த மேசைதான். வாங்குவதற்கு முன், பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் தபால் பரிசோதனைக்கென்றே வெளியிட்ட பி.ஏ.எஸ். 97 ஆவணத்தைப் புரட்டிப் பாருங்கள். உங்களுக்கு எந்த அளவு பரிசோதனை தேவை என்று தீர்மானிக்க உதவும்.

படி 5: சந்தேகம் உறுதியானால்

பல அலுவலகங்களின் திட்டத்தில் இங்கே 'உடனே வெளியேறவும்' என்று ஒரே வரி இருக்கும். அது பாதிதான் சரி. வெடிக்கக்கூடியது என்றால் விலக வேண்டும். பொடி கொட்டிவிட்டது என்றால் அலையக் கூடாது. தபால் அறைக்காரர் மனதில் நிற்க எளிய வழி: பிரிக்காத பார்சல் என்றால் விலகு, பிரித்துக் கொட்டியது என்றால் பரப்பாதே.

பிரிக்காத, சந்தேகமான பார்சலானால் இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது, தண்ணீரில் முக்குவது, பீரோவில் பூட்டுவது எல்லாம் சினிமாவில் சரி. அறையைக் காலி செய்யுங்கள், பக்கத்து அறைகளையும் மேல் கீழ்த் தளங்களையும் சேர்த்து. கைபேசி, வாக்கிடாக்கி ஆகியவற்றை 15 மீட்டருக்குள் பயன்படுத்தாமல், தள்ளிப் போய்க் காவல்துறையைக் கூப்பிடுங்கள். ஒரு சிறு குழாய் வெடிகுண்டுக்கே குறைந்தது 21 மீட்டர், முடிந்தால் 366 மீட்டர் விலகச் சொல்கிறது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அட்டவணை. கண்ணாடிச் சுவருக்கு நேரே ஆட்களைக் கூட்டி நிறுத்தாதீர்கள். தீ விபத்துக்குக் கூடும் இடமே இதற்கும் பொருந்தும் என்று இல்லை; அது தபால் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தால் வேறு இடம் குறித்து வையுங்கள்.

பொடி கொட்டியிருந்தால் கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வையுங்கள். உதறாதீர்கள், முகராதீர்கள், துடைக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் காகிதமோ துணியோ இருந்தால் மேலே மூடிவிட்டு, மறுபடி திறக்காதீர்கள். விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் ஏற்கெனவே குறித்து வைத்த இடத்துக்குப் போங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள், தோலில் பிளீச் ஊற்றாதீர்கள். உடையில் பட்டிருந்தால் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். அதற்கு மாற்று உடை அங்கேயே இருந்தால்தான் யாரும் கூச்சமில்லாமல் கழற்றுவார்கள். அறையில் இருந்தவர்கள், பிறகு எட்டிப் பார்த்தவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். அவசர உதவி வந்து சொல்லும்வரை அவர்களில் யாரும் வீட்டுக்கோ கேன்டீனுக்கோ போகக் கூடாது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, கடும் நெடி என்றால் மட்டும் விதிவிலக்கு: உடனே திறந்தவெளிக்கு, காற்று வரும் திசை நோக்கி.

மிரட்டல் கடிதம் மட்டும் வந்திருந்தால் பதற்றம் வேண்டாம். கடிதத்தையும் உறையையும் ஓரத்தைப் பிடித்துக் கண்ணாடிக் கவரில் போட்டு, தொட்டவர்களின் பெயர்களைக் குறித்துக் காவல்துறையிடம் கொடுங்கள். நகலெடுத்துச் சுற்றுக்கு விடுவது சாட்சியத்தைக் கெடுக்கும், பீதியையும் கிளப்பும்.

படி 6: ஆட்கள்

தபால் அறை பெரும்பாலும் கடைநிலை ஊழியர், ஒப்பந்தப் பணியாளர், புதிதாகச் சேர்ந்தவர் கையில் இருக்கும். 'ஐயாவுக்கு வந்த பார்சலை நான் எப்படி நிறுத்துவது' என்பதுதான் அவர்களுடைய உண்மையான தயக்கம். குறிகளின் பட்டியல் அவர்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். பயம் அதிகாரிகளைப் பற்றித்தான். அதனால் நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட ஒரே பக்கத் தாள் வேண்டும்: சந்தேகப்பட்டுத் தபாலை நிறுத்திவைத்தால், பிறகு அது பிறந்தநாள் பரிசு என்று தெரியவந்தாலும், எந்த நடவடிக்கையும் கிடையாது. அந்தத் தாளைத் தபால் அறையிலேயே ஒட்டுங்கள். ஒரு முறை யாராவது தவறாக நிறுத்தி, அதற்காகத் திட்டு வாங்கினால், அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து எச்சரிக்கையே வராது.

பயிற்சி என்றால் திரையில் படம் போட்டு இரண்டு மணி நேரம் பேசுவதல்ல. உங்கள் அலுவலகத்துக்கு உண்மையில் வந்த உறைகளை மேசையில் பரப்பி, அவற்றுக்கு நடுவே நீங்கள் தயாரித்த நாலு உறையைக் கலந்து, 'எது இங்கே சேராதது' என்று கேளுங்கள். இருபது நிமிடம் போதும். விடுப்புக்கு மாற்றாக உட்காருபவருக்கும், இரவு பார்சல் வாங்கும் காவலருக்கும் அதே பயிற்சி.

படி 7: காணாமல் போகாமல் பார்ப்பது

இது சுருக்கம்தான். காசோலை, கடவுச்சீட்டு, வங்கி அட்டை, சீலிட்ட ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு, பூட்டிய பெட்டி. கை மாறும் ஒவ்வொரு முறையும் கையொப்பம். வாங்குபவரும் பதிவேட்டைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை ஏதேனும் பத்துப் பதிவுகளை எடுத்து, பொருள் போய்ச் சேர்ந்ததா என்று உரியவரிடமே கேளுங்கள்.

படி 8: ஒத்திகை

எழுதிய திட்டம் வேலை செய்கிறதா என்று தெரிய ஒரே வழி, நீங்களே உங்களுக்கு ஒரு பார்சல் அனுப்புவது. காகிதம் நிரப்பிய சாதாரணப் பெட்டி. அனுப்பியவர் முகவரி இல்லை, பெயரில் பிழை, கண்டபடி டேப். அவ்வளவு போதும். கம்பி, கடிகாரம், வெள்ளைப் பொடி எதுவும் வேண்டாம். யாராவது உண்மையென்று நம்பிக் காவல்துறையைக் கூப்பிட்டால் விபரீதமாகிவிடும். தலைமைக்கும் செக்யூரிட்டி பொறுப்பாளருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பெட்டி எங்கே போனது, யார் தொட்டார்கள், எங்கே நின்றது என்று நேரத்தோடு குறியுங்கள். தபால் அறையை இரண்டு நாள் பூட்ட நேர்ந்தால் வரும் தபாலை எங்கே இறக்குவது என்பதையும் அதே நாளில் சோதித்துவிடலாம்.

நான் முதன்முதலில் அனுப்பிய பெட்டி நாற்பது நிமிடத்தில் இயக்குநரின் மேசைக்குப் போய்விட்டது, வழியில் மூன்று கையெழுத்தோடு. அதைப் பிரித்துக் கொடுத்தது அவருடைய உதவியாளர், விரலை விட்டுத்தான். ஆறு மாதம் கழித்து இரண்டாவது பெட்டி. இந்த முறை டேப்பை ஒழுங்காக ஒட்டி, முகவரியும் போட்டு, பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி அனுப்பினேன். காலை பதினொன்றரைக்குத் தபால் அறையிலிருந்து எனக்கே தொலைபேசி வந்தது. சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன். "சார், உங்க பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. நீங்க எதிர்பார்த்தீங்களா?"

இல்லை என்றேன். "அப்ப இங்கயே இருக்கட்டும் சார், நீங்களும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டான்.